வாசிப்பின் பயன் பற்றி ஒரே பேச்சு

பத்தாம் வகுப்பில், பேச்சுப் போட்டி வருவதற்கு முன்னாலேயே, என் அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்று தடவையும் காரணம் நான்தான். மூன்றும் வெவ்வேறு காரணங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஒரே குற்றத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும் பிள்ளை என்று என்னை யாரும் நினைத்துவிடக் கூடாது.

முதலாவது காரணம் கணிதம். எங்கள் கணித சேர் நல்ல மனிதர். ஆனால் வேகமானவர். கரும்பலகையில் எழுதும்போது அவருடைய வாயும் கையும் ஒன்றையொன்று முந்தும். அன்று ஒரு செவ்வகத் தோட்டத்தின் நீளத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வரியில் ஒரு கழித்தல் அடையாளம் பிழையாகிவிட்டது. நான் இரண்டாவது வரியிலேயே எழும்பிச் சொன்னேன். "முடியட்டும், இரு" என்றார். முடிந்தது. தோட்டத்தின் நீளம் பூச்சியத்தை விடப் பன்னிரண்டு மீற்றர் குறைவு என்று வந்தது.

"சேர், அந்தத் தோட்டத்திலை என்ன நடுறது?" என்று கேட்டேன்.

எங்கள் ஊர் நீர்வேலிப் பக்கம். வகுப்பில் பாதிப் பேரின் வீட்டில் வாழைத் தோட்டம் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சேர் வெண்கட்டியை என் பக்கம் நீட்டினார்.

"அப்ப நீ வந்து படிப்பியன்."

இப்படிச் சொன்னால் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிடும் என்பது ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் உள்ள ஏற்பாடு. அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் போய்ப் படிப்பித்தேன். சேர் என் இடத்தில் போய் உட்கார்ந்தார். நான் அடையாளத்தைத் திருத்தி, மூன்றாவது வரியைத் தொடங்கும்போது, அவர் பின்வரிசை வாங்கில் இருந்த பையனிடம் திரும்பி ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"சேர், கதைக்கிறதெண்டால் வெளியிலை போய் நிண்டு கதையுங்கோ" என்றேன்.

அது அவருடைய சொந்த வசனம். நாள்தோறும் எங்களுக்குச் சொல்வது. நான் ஒரு சொல்லும் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

அம்மா தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் தாதி. அப்பாவுக்குக் கொழும்பில் வேலை, ஆகவே பள்ளிக்கூடத்திலிருந்து வரும் அழைப்புகள் எல்லாம் அம்மாவின் பங்கு. ஒவ்வொரு அழைப்புக்கும் அரைநாள் லீவு எடுக்க வேண்டும். அன்று சேரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னோடு நடந்து வந்தார்.

"கணக்குப் பிழையோ?"

"பிழை."

"அப்ப அதைச் சொன்னனி சரி. அந்த மனிசனை வெளியிலை போகச் சொல்லி ஏன் சொன்னனி?"

"கதைச்சவர் அம்மா."

அம்மா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

இரண்டாவது தடவை காலைக் கூட்டத்தில் நடந்தது. அதிபர் ஒழுக்கம் பற்றிச் சொன்ன கதையைப் போன திங்கட்கிழமையும் சொல்லியிருந்தார். முடிவை அவருக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அந்த நேரம் பார்த்து ஒலிவாங்கி நின்றுபோய் மண்டபம் அமைதியாக இருந்தது. இதில் என் பங்கு பாதிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மூன்றாவதுதான் பெரியது. அதற்குக் காரணம் ஓர் அலுமாரி.

மண்டபத்தின் மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலுமாரி நின்றது. எங்கள் நூலகம் அதுதான். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பிய புத்தகங்களை அதற்குள் அழகாக அடுக்கியிருந்தார்கள். நூலகப் பொறுப்பு தமிழ் ரீச்சருடையது. பூட்டின் திறப்பு அவருடைய கைப்பையின் உட்பையில் இருந்தது. அலுமாரியைத் திறந்து நான் ஒரு நாளும் கண்டதில்லை. மேற்பார்வைக்கு வருபவர்கள் புத்தகங்கள் கசங்காமல் இருப்பதைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போவார்கள். கசங்காமல் இருப்பதற்கு ஒரே வழியை ரீச்சர் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"ரீச்சர், ஒரு புத்தகம் எடுக்கலாமோ?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கண்ட கண்ட கை பட்டால் பழுதாப் போகும் பிள்ளை."

"அப்ப ஆர் வாசிக்கிறது?"

"மேற்பார்வைக்கு வாறவை பாப்பினம்."

"பாக்கிறதோ, வாசிக்கிறதோ ரீச்சர்?"

"உனக்கு வாய் கொஞ்சம் நீளம்."

அதற்குப் பிறகு இடைவேளையில் நான் அலுமாரிக்கு முன்னால் போய் நிற்கத் தொடங்கினேன். கண்ணாடி வழியாக முதுகில் எழுதியிருந்த தலைப்புகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். மேல்தட்டில் ஒரு புத்தகத்தை மட்டும் அட்டை தெரியும்படி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். கடலோரத்தில் ஒரு வெளிச்சவீடும், அதற்குக் கீழே தனியாக நிற்கும் ஒரு பெண்ணும் அட்டையில் இருந்தார்கள். அட்டைப் படம், தலைப்பு, எழுத்தாளர் பெயர், பதிப்பகம், மூலையில் ஒட்டியிருந்த விலை என்று அதில் வாசிக்கக்கூடியதை எல்லாம் வாசித்து முடித்த பிறகு ரீச்சரிடம் போனேன். அவர் ஆசிரியர் அறையில் மற்றவர்களோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், மேல்தட்டிலை இருக்கிற புத்தகத்தைக் கொஞ்சம் திருப்பி வையுங்கோ. முன்பக்கம் வாசிச்சு முடிஞ்சுது."

பின்னட்டையில் கதைச் சுருக்கம் இருக்கும் என்று உண்மையாகவே நினைத்துத்தான் கேட்டேன். ஆனால் கணித சேருக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது. மற்ற ஆசிரியர்களும் சிரித்தார்கள். தமிழ் ரீச்சர் சிரிக்கவில்லை.

அன்று அம்மா அதிபரின் அறையிலிருந்து வெளியே வந்தபோது தோள் குலுங்கவில்லை.

"என்ரை லீவு முடிஞ்சுது. இனி ஒருக்கால் என்னைக் கூப்பிட்டினமெண்டால் நான் இஞ்சை வரமாட்டன். உன்னைப் பெரியம்மாட்டைக் கொண்டுபோய் விடுவன். அவவின்ரை பள்ளிக்கூடத்திலை படி. அவ பாத்துக்கொள்ளுவா."

பெரியம்மா அம்மாவின் அக்கா. நல்லூரில் வீடு. பெரிய பெண்கள் பாடசாலை ஒன்றில் உப அதிபர். அவருடைய வீட்டு வாசலில் செருப்புகள்கூட உயர வரிசையில் நிற்கும். ஒழுங்கு எனக்கும் பிடிக்கும். ஆனால் அது என்னுடைய ஒழுங்காக இருக்க வேண்டும். ஒரு விடுமுறையில் நான் அங்கே தங்கியிருந்தபோது சாப்பாட்டு மேசையில் ஏன் பேசக் கூடாது என்று கேட்டேன். "சாப்பிடு" என்றார். அது பதில் இல்லை என்று சொன்னேன். தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் குசினிக்குள் சாப்பிடச் சொன்னார். குசினிக்குள் பேச ஆள் இல்லை.

அங்கே போனால் கிழமை நாள் முழுக்க அந்த மேசை. பகல் முழுக்க அந்தப் பள்ளிக்கூடம். என் வாங்கின் மறுபாதியில் இருந்த சிநேகிதி இங்கேயே இருப்பாள். தினமும் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிளில் அவளோடு பேசிக்கொண்டு வரும் வழியும் போய்விடும். நான் பேசுவதைக் கேட்டு அலுத்துப்போகாத ஒரே மனிதப் பிறவி அவள்தான். "நீ போனால் எனக்குக் காது சுகமாகும்" என்று சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

ஆகவே நான் வாயை மூடிக்கொண்டேன். கரும்பலகையில் பிழை வந்தால் கண்ணையும் மூடிக்கொண்டேன். கணித சேர் ஒரு நாள் பாதியில் நிறுத்தி, "என்ன, இண்டைக்கு ஒண்டும் பிழை இல்லையோ?" என்று கேட்டார். "இருக்கு சேர். ஆனா சொல்லக் கூடாது" என்றேன். அவர் பாவம், பிறகு அந்தப் பாடம் முழுக்கத் தன் கணக்கைத் தானே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வலயமட்டப் பேச்சுப் போட்டிக்கு அறிவித்தல் வந்தது. எங்கள் பிரிவுக்குத் தலைப்பு 'வாசிப்பின் பயன்'. அதிபர் தமிழ் ரீச்சரைக் கூப்பிட்டு, "உவளுக்கு வாய் இருக்கு ரீச்சர். அது சும்மா வீணாப் போகுது. பாவிச்சுப் பாப்பம்" என்று சொல்லியிருக்கிறார். நான் கதவுக்கு வெளியே நின்றதால் எனக்குக் கேட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பேச்சுப் போட்டி என்றால் பிள்ளை பேசுவது என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் பக்கத்தில் பேச்சை எழுதுவது ரீச்சர். பிள்ளை அதைப் பாடமாக்கி, கை காட்ட வேண்டிய இடத்தில் கை காட்டி, குரலை உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்தி ஒப்புவிக்கும். பிள்ளை வென்றால் ரீச்சர் வென்றார். தோற்றால் பிள்ளை தோற்றது.

ரீச்சர் இரண்டு நாட்களில் பேச்சைத் தந்தார். "இரா இராவா முழிச்சிருந்து எழுதினது. கவனமாப் பாடமாக்கு" என்றார். அதன் தொடக்கம் இது: "அலைகடலின் அடியில் மூழ்குபவன் முத்தெடுத்து வருவான். நூற்கடலின் அடியில் மூழ்குபவன் முழுமனிதனாய் வருவான்." முதல் வசனத்தில் இரண்டு கைகளையும் சேர்த்துக் கீழே பாய்ச்ச வேண்டும். இரண்டாவதில் மெதுவாக மேலே விரித்து வர வேண்டும்.

கை காட்டுவதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. நடுப்பகுதியில்தான் வந்தது.

"ரீச்சர், 'எனது பாடசாலை நூலகமே எனது இரண்டாவது வீடு' எண்டு கிடக்கு."

"ஓம். அந்த இடத்திலை கையை நெஞ்சிலை வை."

"அது பொய்யெல்லோ ரீச்சர்."

"பேச்சிலை பொய் எண்டு ஒண்டில்லை."

"'நாளொரு நூல் நான் வாசிக்கிறேன்' எண்டும் கிடக்கு. நான் ஒரு அட்டை மட்டும்தான் வாசிச்சனான்."

ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் அடுத்து வருவது தீர்ப்பு.

"இஞ்சை பார். இதிலை ஒரு எழுத்து மாத்தினாலும் கொம்மாவைக் கூப்பிடுவன். விளங்குதோ?"

விளங்கியது. அம்மாவைக் கூப்பிட்டால் பெரியம்மா.

பாடமாக்கினேன். வீட்டில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். "முத்து எடுக்கேக்கை கை காணாது. இன்னும் கீழை விடு" என்பார். "இரண்டாவது வீடு எண்டேக்கை ஏன் முகம் அப்பிடிப் போகுது? வயித்துக்குத்தோ?" என்றும் ஒரு நாள் கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். அம்மா துருவுவதை நிறுத்திவிட்டு, "ஒரு அஞ்சு நிமிசம் பிள்ளை. அஞ்சே அஞ்சு நிமிசம் பொய் சொன்னால் உனக்கு ஒண்டும் செய்யாது" என்றார். அம்மா என்னிடம் அப்படிக் கெஞ்சி நான் கண்டதில்லை. ஒரு எழுத்தும் மாற்ற மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

போட்டி நல்லூர்ப் பக்கத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. ரீச்சரும் நானும் பஸ்ஸில் போனோம். தொண்டைக்கு என்று பனங்கற்கண்டு கொண்டுவந்திருந்தார். தானும் ஒன்று வாயில் போட்டுக்கொண்டார். தன் மாணவி பேசும்போது அவருடைய தொண்டையும் கூடவே பேசுமாம்.

மண்டபத்துக்குள் போனதும் நான் முதலில் கண்டது பெரியம்மாவை. தன் பாடசாலைப் பிள்ளை ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவளுடைய பின்னலில் ஒரு முடிகூட வெளியே நிற்கவில்லை. பெரியம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"சப்பாத்து மினுக்கேல்லை" என்றார். "அம்மா சொன்னவ. இனி ஒரு முறைப்பாடு வந்தால் என்னட்டை வாறாயாம்."

"வராது பெரியம்மா."

"பாப்பம்."

இலக்கம் எடுத்தார்கள். எனக்கு ஒன்பது. பெரியம்மாவின் மாணவிக்கு ஒன்று. அவள் மேடையில் ஏறி, நடுவர்களை வணங்கி, இரண்டு கைகளையும் சேர்த்துக் கீழே பாய்ச்சினாள்.

"அலைகடலின் அடியில் மூழ்குபவன் முத்தெடுத்து வருவான்."

நான் ரீச்சரைப் பார்த்தேன். ரீச்சர் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லுக்குச் சொல் அதே பேச்சு. இரண்டாவது வீடு வந்தது. கை நெஞ்சுக்குப் போனது. நாளொரு நூல் வந்தது. நான் ரீச்சரின் காதுக்குக் கிட்டப் போய், "ரீச்சர், உங்கடை பேச்சை ஆரோ களவெடுத்திட்டினம்" என்றேன்.

"வாயை மூடிக்கொண்டிரு."

"நீங்கள் இரா இராவா எழுதினதெல்லோ. நடுவரிட்டைச் சொல்லுவமோ?"

"சொன்னாயெண்டால் தெரியும்."

இரண்டாவது இலக்கம் வேறு பேச்சு. ஆனால் மூன்றாவது இலக்கமும் கடலில் பாய்ந்தது. அவன் குருநகர்ப் பக்கத்துப் பையன். கடற்கரைப் பிள்ளை என்பதால் பாய்ச்சல் நன்றாகவே இருந்தது. மூழ்குவதற்கு முன்னால் மூச்சை நிறைய இழுத்துப் பிடித்தான், மேலே வந்து தலையை ஒரு தடவை உதறிவிட்டுத்தான் அடுத்த வசனத்தைத் தொடங்கினான். எங்களுக்கெல்லாம் கை காட்டச் சொல்லித் தந்தவர்கள் ஒரு நாளும் கழுத்துக்கு மேல் தண்ணீரைக் காணாதவர்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

ஐந்தாவது இலக்கமும் முத்தெடுத்தபோது, எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு ரீச்சர் திரும்பி எங்கள் ரீச்சரிடம் மெதுவாகக் கேட்டார்.

"உன்னட்டையும் அந்தக் கொப்பிதானோ?"

"பின்னை? வேறை எந்தக் கொப்பி?"

"நான் நினைச்சன் நான் மட்டும்தான் வைச்சிருக்கிறன் எண்டு."

"எல்லாரும் அப்பிடித்தான் நினைச்சிருக்கினம் போலை. அங்கை பார், நடுவிலை இருக்கிறவரை."

நானும் பார்த்தேன். மூன்று நடுவர்களில் நடுவில் இருந்தவர் வெள்ளை வேட்டி கட்டிய வயதானவர். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர் என்று அறிமுகப்படுத்தியிருந்தார்கள். பிள்ளை பேசப் பேச அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பிள்ளைக்கு ஒரு சொல் முன்னால் அசைந்தன. ஐந்தாவது இலக்கம் ஒரு வசனத்தை விட்டுவிட்டுத் தாண்டியபோது அவர் பல்வலி வந்தவர் போல முகத்தைச் சுளித்தார்.

எல்லாம் விளங்கிவிட்டது. அவர் கலாசாலையில் மாதிரிப் பேச்சு என்று ஒன்றைச் சொல்ல, இவர்கள் எல்லோரும் கொப்பியில் எழுதியிருக்கிறார்கள். பிறகு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாடசாலைக்குப் போய், தலைப்புப் பொருந்தும்போது அதை எடுத்துத் தூசி தட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒருவருக்கொருவர் சொல்லவில்லை.

ஏழும் எட்டும் முத்தெடுத்தன. பிறகு என் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

மேடைக்குப் போகும்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஐந்து நிமிடம். அம்மாவுக்குச் செய்த சத்தியம். ஒரு எழுத்தும் மாற்றாமல் சொன்னால் என் வாங்கும் சிநேகிதியும் சைக்கிள் வழியும் எனக்கு மிச்சம். பெரியம்மா முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நடுவர்களை வணங்கினேன். கைகளைச் சேர்த்தேன். பெரிய நடுவரின் உதடுகள் "அலைகடலின்" என்று எனக்கு முன்னால் அசையத் தொடங்கின.

அந்த உதடுகள்தான் என்னைக் கெடுத்தன. அவர் சொல்லி முடித்ததை அவருக்கே திரும்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சேர்த்த கைகளைப் பிரித்துப் பக்கத்தில் விட்டேன்.

"மதிப்புக்குரிய நடுவர்களே, நான் பாடமாக்கி வந்த பேச்சை நீங்கள் ஐந்து தடவை கேட்டுவிட்டீர்கள். அவற்றுள் மூன்றாவது இலக்கம் பேசியதே சிறந்தது. அவர் உண்மையாகவே மூழ்கினார். ஐந்தாவது இலக்கம் ஒரு வசனத்தை விட்டுவிட்டார். எட்டாவது இலக்கம் இரண்டு பந்திகளை இடம் மாற்றிவிட்டார். ஆறாவது தடவையாக அதை நானும் பேசினால் உங்களுக்குப் பயன் எதுவும் இல்லை."

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு நிறுத்தத் தெரியாது.

"இங்கே பேசியவர்களில் பலர், பாடசாலை நூலகமே தமது இரண்டாவது வீடு என்றார்கள். எங்கள் பாடசாலையிலும் அந்த வீடு இருக்கிறது. அது பூட்டியிருக்கிறது. நான் அதன் யன்னலால் மட்டும் எட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு புத்தகத்தின் முன்னட்டையில் வெளிச்சவீடு ஒன்று இருக்கிறது. அதன் கீழே நிற்கும் பெண் யார், அவள் ஏன் தனியாக நிற்கிறாள் என்று இரண்டு தவணைகளாக யோசிக்கிறேன். வாசிப்பின் பயன் என்ன என்று எனக்குத் தெரியாது. வாசித்த பிறகு வந்து சொல்கிறேன். மற்றவர்களின் வீடுகள் திறந்திருந்தால் அவர்கள் சொல்லட்டும்."

அப்போது நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. மண்டபத்தில் இருந்த போட்டியாளர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பித் தத்தமது ரீச்சரைப் பார்த்தார்கள். குருநகர்ப் பையன் முதலில் கை தட்டினான். பிறகு மற்றவர்களும் தட்டினார்கள். ரீச்சர்மார் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். பெரியம்மாவின் மாணவி கை தட்டத் தொடங்கி, பெரியம்மாவின் முகத்தைக் கண்டதும் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

முதலிடம் குருநகர்ப் பையனுக்கு. அது சரியான தீர்ப்பு. எனக்கு எந்த இடமும் இல்லை. அதுவும் சரிதான், நான் ஐந்து நிமிடத்தில் பாதியைக்கூடப் பாவிக்கவில்லை. பெரிய நடுவர் எழுந்து பொதுவாகச் சில குறைகளைச் சொன்னார். "ஒன்பதாம் இலக்கம் தலைப்பை விட்டு விலகிவிட்டார். மற்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முத்துக்குப் பிறகு பவளம் பற்றி ஒரு வசனம் உண்டு. அதை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். மிக நல்ல வசனம்." அதைச் சொல்லும்போது அவர் குரலில் உண்மையான துயரம் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ரீச்சர் யன்னல் பக்கம் இருந்தார். கோப்பாய் தாண்டிய பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"நாளைக்குக் கொம்மாவை வரச் சொல்லு."

"ஓம் ரீச்சர்."

கொஞ்சத் தூரம் போனதும், "பவளம் எங்கடை கொப்பியிலும் இல்லை. அண்டைக்கு எனக்குக் காய்ச்சல். பக்கத்திலை இருந்தவளைப் பாத்துத்தான் எழுதினனான்" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொன்னாரா என்று தெரியவில்லை. கைப்பையை மட்டும் இறுகப் பிடித்திருந்தார்.

வீட்டில் அம்மாவிடம் நடந்ததை ஒழுங்குமுறையாகச் சொன்னேன். அம்மா கோபிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. உள்ளே போய் என் சீருடைகளை மடித்து ஒரு பையில் வைக்கத் தொடங்கினார். நான் கொப்பிகளைப் பாட ஒழுங்கில் அடுக்கினேன். சிநேகிதி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுதுபட முன் வாசலில் பெரியம்மாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போக வந்துவிட்டார் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தார்.

"நானே கொண்டு வந்து விடுவனே அக்கா. நீங்கள் ஏன் அலைஞ்சனீங்கள்?"

பெரியம்மா தலைக்கவசத்தைக் கழற்றவில்லை.

"எடி, உவளை நான் எடுக்க மாட்டன். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"ஏன் அக்கா? நீங்கள்தானே சொன்னனீங்கள், என்னட்டை விடு, ஒரு மாதத்திலை திருத்திக் காட்டுறன் எண்டு."

"சொன்னனான். அது அப்ப." பெரியம்மா என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். ஆனால் தலைக்கவசம் போட்டவர்கள் தாழ்த்தும் குரல் எல்லோருக்கும் கேட்கும். "இவையின்ரை பள்ளிக்கூடத்திலை ஒரு அலுமாரி. எங்களிட்டை மூண்டு. மூண்டும் பூட்டு. வாற மாதம் மேற்பார்வை. உவள் வந்து வாசலிலை நிண்டாளெண்டால் என்ரை கதி என்ன?"

அம்மா கையில் இருந்த சீருடையை முகத்தில் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்துப் பெரியம்மா தோளில் தட்டிக் கொடுத்தார். அழவில்லை.

அடுத்த நாள் அம்மா சம்பளம் இல்லாத லீவில் பள்ளிக்கூடம் வந்தார். அதிபரின் அறையில் தமிழ் ரீச்சர் நின்றபடியே தொடங்கினார். நான் என்ன சொன்னேன், எத்தனை பேருக்கு முன்னால் சொன்னேன், அதனால் எத்தனை பாடசாலை ரீச்சர்மார் தன்னோடு கதைக்காமல் போனார்கள் என்பது எல்லாம் வந்தது. அம்மா முழுவதையும் கேட்டார்.

"நீங்கள் சொல்லுறது எல்லாம் சரி ரீச்சர். அக்காவிட்டை விடுவம் எண்டு பாத்தன். அவவும் வேண்டாமெண்டிட்டா. இனி உவளைக் கொண்டுபோக எனக்கு வேறை இடமில்லை."

"நீங்கள் இப்பிடிச் சொன்னால் நான் என்ன செய்யிறது?"

"எனக்கும் தெரியேல்லை. முதல்லை நீங்கள் கதிரையிலை இருங்கோ. முகம் சிவந்து கிடக்கு. பிறஷர் பாத்துக் கன நாளோ?"

ரீச்சர் உட்கார்ந்தார். அதிபர் தன் மேசையில் இருந்த ஒரு தாளை மிகவும் கவனமாக வாசித்தார். சற்று நேரத்துக்குப் பிறகு ரீச்சர் கைப்பையைத் திறந்து, உட்பையைத் திறந்து, திறப்பை எடுத்து என் முன்னால் மேசையில் வைத்தார்.

"இந்தா. நீயே வைச்சிரு. இனி ஆரும் கேட்டால் உன்னட்டை எண்டு சொல்லுவன். ஒரு புத்தகம், ஒரே ஒரு புத்தகம் கசங்கினாலும் உன்னைத்தான் பிடிப்பன்."

அன்று இடைவேளையில் அலுமாரியைத் திறந்தேன். வெளிச்சவீட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் கதைச் சுருக்கம் இல்லை. எழுத்தாளரின் படம் மட்டும் இருந்தது. ஆகவே முழுவதையும் வாசிக்க வேண்டி வந்தது. மற்றத் தட்டுகளில் கோழி வளர்ப்பு பற்றிய ஒரே புத்தகத்தின் பிரதிகள் நிறைய இருந்தன. அதையும் வாசித்தேன். பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். கசங்கினால் என்னைத்தான் பிடிப்பார்கள் என்பதால், கழுவிய கையை எனக்குக் காட்டிய பிறகுதான் புத்தகம் என்று ஒரு விதி வைத்தேன். சிநேகிதிக்கும் அந்த விதிதான்.

இரண்டு கிழமை கழித்து, வரிசை முடிந்த பிறகு தமிழ் ரீச்சர் வந்தார். அங்குமிங்கும் பார்த்துவிட்டு, "அந்த வெளிச்சவீட்டுப் புத்தகம் இருக்கோ?" என்று கேட்டார்.

"இருக்கு ரீச்சர்."

கையை நீட்டினார். விரல்கள் எல்லாம் வெண்கட்டித் தூள். எனக்கு அம்மாவின் லீவு நினைவுக்கு வந்தது. பெரியம்மாவின் மூன்று அலுமாரிகளும் நினைவுக்கு வந்தன. என்னை அனுப்புவதற்கு இனி ஓர் இடமும் இல்லை.

"ரீச்சர், கை."

ரீச்சர் என்னைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நான் அலுமாரியோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவர் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு, மண்டபத்தைக் கடந்து தண்ணீர்க் குழாயடிக்குப் போனார். திரும்பி வந்து இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்தார்.

"இப்ப காணுமோ?"

"பின்பக்கம் ரீச்சர்."